கொட்டாங்கச்சிப் பொத்தானும் காடாத் துணித் தூளியும்

பாய் வந்த மத்தியானம்

மஸ்தான் பாய் முதல்முதலாக என் பட்டறைக்கு வந்தபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன், கண்ணைத் திறந்துகொண்டே. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அந்த வியாதி உண்டு. கடைசல் மரத்தில் உளி பட்டு, மரம் சுருள் சுருளாக உரிந்து விழுவதைப் பார்த்தால் போதும், மனம் எங்கேயாவது கிளம்பிவிடும். வேலை நடந்துகொண்டிருக்கும், ஆள் இருக்க மாட்டேன். "அவன் கையி இங்க கீது, புத்தி பருத்திப்பட்டு ஏரியில மெதக்குது" என்று என் அண்ணன் கரையான்சாவடி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நாங்கள் பயிர்த்தொழில் செய்கிற குடும்பம். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டார். சேற்றில் இறங்க லாயக்கில்லாதவன் என்று என்னைத் தள்ளி வைத்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு மத்து, பம்பரம், கட்டில் கால், அப்பளக் குழவி என்று கடைந்து விற்றேன். கடைசல் பட்டறை என்றால் இன்றைக்கு அம்பத்தூரில் இருக்கிற லேத் மாதிரி இல்லை. ஒருவர் கயிற்றை இழுப்பார், மரம் சுழலும், இன்னொருவர் உளி பிடிப்பார். கரண்டு என்கிற பேச்சே கிடையாது.

பாய் பூந்தமல்லிக் கடைத்தெருவில் தையல்காரர். யுத்தம் வந்ததும் பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குச் சட்டை தைக்கிற வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. ஆவடிப் பக்கம் போகிற மிலிட்டரி லாரிகளின் புழுதி அவர் தாடியில் படிந்திருந்தது. என் உள்ளங்கையில் ஒரு வெள்ளைப் பொத்தானை வைத்தார்.

"இத மாதிரி ஒண்ணு கடைஞ்சி குடு நைனா."

"இது சிப்பி பாய். மரத்துல கடைஞ்சா ரெண்டு தோய்ப்புல ஊறி உப்பிடும்."

"சிப்பிக்கு நான் எங்க போறது? ஜப்பான்காரன் சண்டைக்கு வந்தான், பொத்தானயும் எடுத்துகினு பூட்டான். அங்க அடிபட்ட சிப்பாய்ங்க சட்டைய நாடாவால கட்டிகினு படுத்துகினு கீறானுங்க. கை ஒடஞ்சவன் எப்டி நைனா நாடா கட்டுவான்?"

அந்த நேரத்தில் என் மனைவி கன்னியம்மா தேங்காய் துருவிய கையோடு எட்டிப் பார்த்தாள். துருவி முடித்த ஓடு அவள் கையிலேயே இருந்தது. "இது ஊறாதே" என்றாள். அவ்வளவுதான். பெரிய கம்பெனிகள் எப்படித் தொடங்கின என்று பேப்பரில் போடுகிறார்களே, எங்கள் கம்பெனி தொடங்கிய கதை இதுதான். ஒரு கொட்டாங்கச்சி, ஒரு வார்த்தை.

அழுகை, தூக்கம்

கொட்டாங்கச்சியில் பொத்தான் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாரை நன்றாகச் சுரண்ட வேண்டும். பல் வைத்த இரும்புக் குழாயைக் கடைசலில் பூட்டி, கொட்டாங்கச்சியை அதில் அழுத்தினால் வட்டம் வட்டமாக வில்லை விழும். வளைவு போகக் கல்லில் தேய்க்க வேண்டும். தமர் ஊசி போட்டு நாலு கண் துளைக்க வேண்டும். இதுவரைக்கும் எல்லாம் சரி. மெருகு ஏற்றுவதுதான் உயிரை வாங்கியது. ஒவ்வொரு பொத்தானாகத் துணியில் வைத்துத் தேய்த்தால் சூரியன் மேற்கே போகிற வரைக்கும் தேய்த்தாலும் ஒரு சட்டைக்கு மேல் தேறாது. பாயோ கூடை கூடையாகக் கேட்டார்.

இதற்கும் வழி கண்டுபிடித்தவள் கன்னியம்மாதான். கெட்டியான காடாத் துணியை வீட்டுப் பின்தாழ்வாரத்து விட்டத்தில் தூளியாகக் கட்டினாள். பிள்ளையைப் போடுவதுபோல அதில் பொத்தான்களைக் கொட்டினாள், கூடவே நெல் உமி. கயிற்றைப் பிடித்து ஆட்டினாள். உமி அரம் மாதிரி வேலை செய்யும். கரடு எல்லாம் போனதும் உமியைப் புடைத்துவிட்டுத் தவிடும் இரண்டு சொட்டு எண்ணெயும் போட்டு இரண்டாவது ஆட்டம். எடுத்தால் ஒவ்வொரு பொத்தானும் பழுத்த நாவல்பழம்போல மினுக்கும்.

எப்போது நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்லும். கரடான பொத்தான் தூளியில் சளசளவென்று கத்தும். மெருகு ஏற ஏறச் சத்தம் அடங்கி, கடைசியில் மணலில் அலை பின்வாங்குகிற மாதிரி ஒரு ஓசை மட்டும் வரும். அதனால் எங்கள் பட்டறையில் ஒரு பேச்சு உண்டாயிற்று. "இன்னும் அழுவுது" என்றால் வேலை பாக்கி. "தூங்கிட்ச்சி" என்றால் எடுத்துவிடலாம். அந்தத் தூளிக்கு 'மூத்தவன்' என்று பெயரே வைத்துவிட்டாள் கன்னியம்மா. எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியிருந்தன. அவள் சிரித்துக்கொண்டு சொன்னாலும், அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கும்.

கொட்டகையில் நாலைந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். எல்லாரும் வயலுக்கு அந்தப் பக்கம் இருந்த சேரியிலிருந்து வந்தவர்கள், என் அண்ணன் நிலத்தில் நடவு நட்டவர்கள். அவர்களில் பச்சையம்மாதான் கைதேர்ந்தவள். குழாயில் கொட்டாங்கச்சியை அவள் அழுத்துகிற அழுத்தில் ஒரு வில்லை வீணாகாது. வேண்டாம் என்று சொன்னாலும் என்னை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவாள். கொட்டகை வரைக்கும் அவர்கள் வரலாம். தாழ்வாரத்தில் கால் வைக்கக் கூடாது. வெட்டுவதும் துளைப்பதும் கொட்டகையில், தாலாட்டுவது வீட்டில் என்று வேலை பிரிந்தது அதனால்தான். ஊர் வழக்கம் அப்படி இருந்தது, எங்கள் தொழிலும் அப்படியே அமைந்துவிட்டது.

கொட்டகையிலிருந்து பச்சையம்மா குரல் கொடுப்பாள்: "அம்மா, மூத்தவன் தூங்கிட்டானா?"

"எங்கடி? உன்ன மாதிரியே கத்திகினு கீறான்."

நான் உளியைப் பிடித்தபடி அந்தச் சத்தத்தில் மிதந்துகொண்டிருப்பேன். நல்ல வெயிலில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். என் வாழ்நாளில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால், அந்த மத்தியானங்களைத்தான் சொல்லுவேன்.

இளையவள்

மூத்தவனை ஆட்டிய ராசியோ என்னவோ, கன்னியம்மா முழுகாமல் இருந்தாள். பெண் பிறந்தது. செல்லம் என்று கூப்பிட்டோம். விட்டத்தில் இரண்டாவது தூளி ஏறிற்று. ஒன்றில் பொத்தான், ஒன்றில் செல்லம். கன்னியம்மா நடுவில் உட்கார்ந்து, வலது கையில் ஒரு கயிறு, இடது கையில் ஒரு கயிறு. இரண்டும் ஒரே தாளத்தில் போகும். பொத்தான் சத்தம் நின்றால் செல்லம் விழித்துக்கொள்வாள். ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சத்தம் கேட்டால் தூக்கம் கலையும், எங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சத்தம் நின்றால் கலையும்.

பாய் வந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "பெரிய ஃபேக்டரிதான்மா இது! ரெண்டு மிஷின் ஓடுது!"

அப்போதுதான் பட்டாளம் பெருகிற்று. ஆவடிப் பக்கம் நிலத்தை எல்லாம் வளைத்துக் கொட்டகை எழுப்பினார்கள். மதராஸில் குண்டு விழும் என்று பயந்து ஜனங்கள் முன்னமே மூட்டை முடிச்சோடு எங்கள் ரோட்டில் மேற்கே போயிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் கட்டில்கள் கூடின. பாய்க்குச் சட்டை கூடிற்று, எங்களுக்குப் பொத்தான் கூடிற்று. கொட்டாங்கச்சி வாங்கக் குத்தம்பாக்கம் வரைக்கும் வண்டி கட்டிக்கொண்டு போனேன். வண்டி தானாகப் போகும், நான் மேலே மேகத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். ஓடு ஒன்றோடு ஒன்று மோதுகிற சத்தம் கேட்டாலே செல்லத்தின் முகம் ஞாபகம் வரும்.

ஐப்பசி மழையில் ஊரெங்கும் காய்ச்சல் வந்தது. செல்லம் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். பூந்தமல்லி டாக்டர் வந்தார், மருந்து கொடுத்தார், மறுபடியும் வந்தார். கடைசி முறை மருந்து கொடுக்கவில்லை. அவ்வளவுதான் எழுத முடிகிறது என்னால்.

விட்டத்திலிருந்து இரண்டு தூளியையும் நானே அவிழ்த்தேன். செல்லத்தின் தூளியை அவளோடு அனுப்பினோம். காடாத் துணியைச் சுருட்டிக் கொட்டகை மூலையில் போட்டேன்.

பேச்சு நின்ற பட்டறை

கன்னியம்மா படுத்துவிட்டாள். கொட்டகையைப் பார்த்த சன்னல் ஓரத்தில் கோரைப்பாய் விரித்துக்கொண்டு கிடந்தாள். சாப்பிடு என்றால் ஒரு வாய் சாப்பிடுவாள். பேச்சு இல்லை. அழுகையும் இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாளுக்கு நாள் ஆள் கரைந்துகொண்டே வந்தாள். பிள்ளையை இழந்துவிட்டு, ஆறு மாதத்துக்குள் அதன் பின்னாலேயே போய்விட்ட தாய்மார்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறோம். வாசலில் வந்து துக்கம் விசாரிப்பவர்கள் அந்தப் பெயர்களை மெதுவான குரலில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கொட்டகையில் வேலை நடந்தது, ஆனால் யார் வாயும் திறக்கவில்லை. எங்கள் தொழில் பேச்சு முழுவதும் அழுகையும் தூக்கமுமாக இருந்ததே! எதைச் சொன்னாலும் உள்ளே ஒருத்திக்குக் குத்தும். ஆகவே கை ஜாடைதான். பச்சையம்மாவுக்கு அந்த மழைக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆண் குழந்தை பிறந்திருந்தது. வேலைக்கு வந்தவள் பிள்ளையைக் கொண்டு வருவதில்லை. வீட்டில் மூத்த பெண்ணிடம் விட்டுவிட்டு வந்தாள். நான் கேட்கவும் இல்லை. கன்னியம்மா காதில் குழந்தைச் சத்தம் விழாதவரைக்கும் நல்லது என்று இருந்துவிட்டேன்.

வெட்டிய பொத்தான் மலையாகக் குவிந்தது, மெருகு போட ஆள் இல்லை. பிள்ளை போன வீட்டில் உடனே தூளி கட்டக் கூடாது என்று சொந்தக்காரப் பெண்கள் யாரும் கயிற்றைத் தொட வரவில்லை. கன்னியம்மாவைக் கேட்கிற தைரியம் எனக்குக் கிடையாது.

பாய் வந்தார். சன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நைனா, ஒன் கஷ்டம் எனக்குத் தெர்து. ஆனா சட்டை எல்லாம் பொத்தான் இல்லாம கெடக்குது. மேல இருக்கறவன் வேற தையல்காரனப் பாத்துக்கறேங்கறான். என் மானம் ஒன் கையில கீது."

பீப்பாய்

கனவு காண்கிறவனுக்கு யோசனைக்கா பஞ்சம்? பழைய மரப்பீப்பாய் ஒன்றை வாங்கி, நடுவில் இரும்புக் கம்பி செருகி, கைப்பிடி வைத்தேன். உள்ளே பொத்தானும் உமியும். சுற்றினால் தானே தேயும், தூளியே வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். பார்ப்பதற்கு ரொம்ப அழகாக இருந்தது. சுற்றும்போது ரயில் போகிற சத்தம் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு சாக்கு நிறைய அனுப்பி வைத்தேன்.

இரண்டு சாக்கும் திரும்பி வந்தன. பாய் அதைக் கொட்டகை வாசலில் அவிழ்த்துக் கொட்டினார்.

"இன்னா நைனா இது? வண்ணான் கல்லுல ஒரு அடி, பொத்தான் ரெண்டா பூட்ச்சி! தோய்ச்ச சட்டைல ஒண்ணியும் காணோம்!"

எடுத்துப் பார்த்தேன். கண்ணுக்குக் கண் மயிரிழை போல விரிசல். தூளியில் பொத்தான் சரிந்து சரிந்து போகும், ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். பீப்பாயில் மேலே ஏறித் தொப்பென்று விழும். விழுந்து விழுந்து துளையைச் சுற்றி அடிபட்டுவிட்டது. இன்றைக்கு மெக்கானிக்கல் படிக்கிற பிள்ளைகள் இதற்கு ஏதாவது ஃபார்முலா சொல்லுவார்கள். எனக்கு அன்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரத்தான் தெரிந்தது.

பாய் போன பிறகு பச்சையம்மா வந்து நின்றாள்.

"ஆண்டே, அந்தத் துணிய குடு. எங்க தெருவுல புங்கமரம் கீது. அங்க கட்டிக்கறோம். இங்கேர்ந்து தொலைவு. அம்மா காதுல உழாது."

"உங்க தெருவுல கட்டினா பரவால்லயா? தூளி சமாச்சாரம்..."

"இன்னா பண்றது ஆண்டே? வேலை போச்சின்னா எங்க ஊட்டுப் புள்ளைங்களுக்குச் சோறு எவன் போடுவான்?"

மூலையில் கிடந்த காடாத் துணியை எடுத்துக் கொடுத்தேன்.

வரப்பில் நடந்தவள்

சேரிக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் வயல். சாதாரண நாளில் அங்கே பறை அடித்தால்தான் இங்கே கேட்கும். ஆனால் மார்கழித் தொடக்கத்து அந்த நாட்களில் காற்று ஒரு மாதிரி அடங்கிக் கிடந்தது. மத்தியானம் நான் கன்னியம்மா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். எங்கிருந்தோ சளசளவென்று லேசாக வந்தது. முதலில் என் கனவுதான் என்று நினைத்தேன்.

"எங்க ஆட்றாங்க?" என்றாள்.

எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவள் குரலைக் கேட்கிறேன். கஞ்சி என் கையில் கொட்டிற்று.

"சேரியில. பச்சையம்மா ஊட்டாண்ட."

 கண்ணை மூடிக்கொண்டாள். நானும் கஞ்சிச் சட்டியை மூடி வைத்தேன்.

மறுநாள் கொட்டகையில் உளி பிடித்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து பார்த்தேன். வரப்பின்மேல் கன்னியம்மா போய்க்கொண்டிருந்தாள். தலை சீவவில்லை, முந்தானை காற்றில் இழுபட்டது. பச்சைப் பயிருக்கு நடுவில் அந்த மங்கிய சேலை மிதந்து போவதைப் பார்த்து, ஒரு நிமிஷம் இது நிஜமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. எங்கள் தெருப் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போனது கிடையாது. உளியைப் போட்டுவிட்டு ஓடினேன். பக்கத்தில் போகப் பயந்து பின்னாலேயே நடந்தேன்.

புங்கமரத்தடியில் தூளி ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் நின்று வேகமாகத் தள்ளினார்கள். கன்னியம்மாவைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து ஒதுங்கி நின்றார்கள். பச்சையம்மா முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, நீ இங்கல்லாம் வரலாமா? ஆண்டே, இட்டுகினு போ" என்று பதறினாள்.

கன்னியம்மா நேராகப் போய்க் கயிற்றைப் பிடித்தாள். "மெதுவா தள்ளுங்கடி" என்றாள். தூளி வேகம் தணிந்தது. பொத்தான் சத்தமும் தணிந்தது. மரத்தடியில் அப்படியே உட்கார்ந்து ஆட்டத் தொடங்கினாள்.

அப்போது குடிசைக்குள்ளே ஒரு குழந்தை வீறிட்டது. பச்சையம்மா நகரவில்லை. காது கேட்காதவள் மாதிரி நின்றாள்.

"போயி எடுத்துகினு வா" என்றாள் கன்னியம்மா.

"அது... பசி இல்லம்மா, சும்மா கத்துது."

"எடுத்துகினு வாடி."

பச்சையம்மா உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தாள். முந்தானையால் அதன் முகத்தை மூடியிருந்தாள். கன்னியம்மா அந்த முந்தானையை விலக்கவில்லை. வெளியே தெரிந்த குட்டிப் பாதத்தை மட்டும் ஒரு விரலால் தொட்டாள். "பால் குடு. மொதல்ல பால் குடு. நான் இத பாத்துக்கறேன்" என்றாள்.

பச்சையம்மா மரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். கன்னியம்மா தூளியை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே அழுதாள், சத்தமாக, மார்பில் அடித்துக்கொண்டு, செல்லம் போன அன்றைக்கு அழாத அழுகை எல்லாம் சேர்த்து. பெண்கள் சுற்றி உட்கார்ந்து அவளோடு சேர்ந்து அழுதார்கள். நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். இனிமேல் இவள் சாக மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் அழுகை வந்தது, அழுதேன்.

அண்ணன் சொன்ன இரண்டில் ஒன்று

தினமும் போனாள். காலையில் குளித்து, தலை முடிந்து, வரப்பில் இறங்கிவிடுவாள். பச்சையம்மா பிள்ளைக்குப் புங்கமரத்திலேயே இன்னொரு தூளி கட்டச் சொன்னாள். பேச்சு மெல்லத் திரும்பி வந்தது. முதல் தடவையாக "தூங்கிட்ச்சி, எடுங்கடி" என்று அவளே சொன்ன அன்று, கூடவே ஒரு சிரிப்பும் வந்ததாகப் பச்சையம்மா என்னிடம் ஓடி வந்து சொன்னாள்.

ஊர் சும்மா இருக்குமா? அண்ணன் வந்தார். நல்ல மனிதர்தான், செல்லத்துக்காகக் கோயில் கோயிலாகப் போனவர். ஆனால் அன்று வாசலை விட்டு உள்ளே வரவில்லை.

"கன்னியம்மா, நீ எழுந்து நடமாட்றது எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஊர்ல எனக்குத் தலை காட்ட முடியல. அங்க போறத நிறுத்திக்க. இல்லன்னா நம்ப கெணத்துல தண்ணி எடுக்காத. ரெண்டுத்துல ஒண்ணு."

நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசிக்கத்தான் எனக்கு நன்றாக வரும்.

"நாளைக்கும் போவேன் மாமா" என்றாள் கன்னியம்மா. குரலில் கோபம் இல்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்து வாசலில் அண்ணன் காலடியில் வைத்தாள். அது அவர் எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த பித்தளைக் குடம்.

அண்ணன் குடத்தைப் பார்த்தார். பிறகு அதை எடுக்காமலே போனார். பத்து வருஷம் எங்களோடு பேசவில்லை. அவர் பெண் கல்யாணத்துக்கு எங்களுக்கு வெற்றிலை பாக்கு வரவில்லை. அந்தக் கல்யாண மேளம் எங்கள் கொட்டகை வரைக்கும் கேட்டது. கன்னியம்மா அன்று முழுக்கக் கயிற்றை விடவே இல்லை.

கொட்டகையைப் பிரித்து வயலுக்கு அந்தப் பக்கம், புங்கமரத்தை ஒட்டி மறுபடி போட்டோம். அங்கேயே கிணறும் தோண்டினோம். வெட்டுகிற இடம், தாலாட்டுகிற இடம் என்று இரண்டு இடம் இல்லாமல் ஒரே கூரையின் கீழ் வேலை வந்ததும், உற்பத்தியும் கூடிற்று. உற்பத்திக்காக நான் யோசித்து இடம் மாற்றினேன் என்று யாராவது பாராட்டினால் ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

பாய்க்குப் பொங்கலுக்கு முன்னாலேயே எல்லாப் பொத்தானும் போய்ச் சேர்ந்தது. வண்ணான் கல்லில் அடித்துப் பார்த்துவிட்டு அவரே வந்தார். "கல்லு ஒடஞ்சாலும் ஒன் பொத்தான் ஒடயாது போல கீதே!" என்றார். யுத்தம் முடிகிறவரைக்கும் அவர் வேறு யாரிடமும் போகவில்லை. பச்சையம்மா எப்போது கன்னியம்மாவை 'அம்மா' என்பதை விட்டு 'எக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தாள் என்பது எனக்கு நினைவில்லை. என்னை மட்டும் கடைசிவரை ஆண்டே என்றுதான் கூப்பிட்டாள், கிண்டலுக்கு.

அம்பத்தூரில் நான் பேசியது

இதெல்லாம் பழைய கதை. சுதந்திரம் வந்தது, பிளாஸ்டிக் பொத்தான் வந்தது, கொட்டாங்கச்சி மறுபடியும் அடுப்புக்கே போயிற்று. நான் கட்டில் காலுக்குத் திரும்பினேன். பல வருஷம் கழித்து, அம்பத்தூரில் புதிதாகப் பட்டறை வைத்த இளைஞர்கள் சிலர் ஒரு கூட்டம் போட்டு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். கன்னியம்மாவும் கூட வந்தாள்.

நான் நன்றாகவே பேசினேன். ஆர்டர் திடீரென்று குவிந்தால் ஆளைக் கூட்டு, வேகத்தைக் கூட்டாதே என்றேன். பீப்பாய்க் கதையைச் சொன்னதும் சிரித்தார்கள். கடைசியாக, என் மனைவி படுத்த படுக்கையாகக் கிடந்ததையும், பொத்தான் சத்தம் அவளைக் கூப்பிட்டு எழுப்பியதையும் சொன்னேன். "எந்தத் துக்கத்திலிருந்தும் மனுஷனைத் தூக்கி நிறுத்துவது தொழில்தான்" என்று முடித்தேன். கை தட்டினார்கள். எனக்கே கண் கலங்கிவிட்டது.

பஸ்ஸில் வரும்போது கன்னியம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்:

"இன்னாங்க அப்டி சொல்லிட்டீங்க? பொத்தானுக்கா போனேன் நானு?"

"பின்ன?"

"பச்சையம்மா கைப்புள்ளய ஊட்ல உட்டுட்டு வந்துகினு இருந்தா. சன்னலாண்ட படுத்துகினு பாத்துகினே இருப்பேன். உச்சி வேளைக்குள்ள அவ முந்தானை நனைஞ்சிடும். ஒரு கையால மார அமுக்கிகினு, ஒரு கையால கொட்டாங்கச்சிய அழுத்துவா. பால் கட்டிகினு வலி பொறுத்துகினு வேலை செஞ்சா. எதுக்கு? என் கண்ணுல அவ புள்ள படக் கூடாதுன்னு. எனக்கும் அப்போ பால் வத்தல. அந்த வலி எனக்குத் தெரியும். எனக்குத்தான் குடுக்கப் புள்ள இல்ல, அவளுக்கு இன்னா தலையெழுத்து? புள்ளய இட்டுகினு வாடின்னு சொல்லத்தான் போனேன்."

பஸ் கரையான்சாவடியில் நின்றது. இறங்கி நடந்தோம். 

அன்றிலிருந்து தொழில் ஆளைத் தூக்கி நிறுத்தும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. பட்டறை வைத்திருக்கிற பிள்ளைகள் வந்து புத்தி கேட்டால் ஒன்றுதான் சொல்கிறேன். உன்னிடம் வேலை செய்கிறவர் எதை வீட்டில் விட்டுவிட்டு வருகிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொள். பச்சையம்மா பக்கத்தில் தினமும் நின்றவன் நான். அவள் சேலை நனைந்திருந்ததை நானும் பார்த்தேன். வியர்வை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.